செக்கெண்ணெய் குடித்த கார்

அன்புள்ள என்று எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன். அன்புள்ள நைனாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கார் ஓடியது.

நம்பமாட்டீர்கள். நான் செய்த எதைத்தான் நம்பினீர்கள்?

பாகம் பிரித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பஜார் வீடும் எண்ணெய்ச் செக்கும் தம்பி தனபாலுக்கு. மேல்சித்தாமூர் போகிற வழியில் ஒரு துண்டு மானாவாரி நிலமும், செக்குக்குப் பின்னால் ஷெட்டில் கிடந்த காரும் எனக்கு. "பெரியவன் படிச்சவன், வாத்தியார் வேல, மாசமானா சம்பளம் வருது. அவனுக்கு இன்னா கொறச்சல்?" என்றார்கள் நடுவில் உட்கார்ந்த பெரியவர்கள். படித்தது ஒரு குற்றம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. ஷெட் தம்பியின் பாகத்தில் வருகிறது. ஊருக்குக் கரண்ட் வந்த பிறகு மாட்டுச் செக்கை நம்பினால் ஆகாது என்று அவன் மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்தான். "தை பொறந்தா மிஷின் வந்துடும்ணா. போகிக்குள்ள வண்டி கெளம்பிச்சுன்னா உன்னுது. கெளம்பலன்னா இரும்புக்காரர வரச் சொல்லிட்டேன், வெட்டி எடுத்துக்கினு போவட்டும்" என்றான். பழையதைக் கழிக்கிற நாளாகப் பார்த்துத்தான் கெடு வைத்தான்.

தள்ளிக்கொண்டு வந்து என் வாடகை வீட்டு வாசலில் நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஒப்பவில்லை. "ஓடற வண்டின்னா தாராளமா நிக்கட்டும் சார். செத்த வண்டிய வாசல்ல நிறுத்தினா வூட்டுக்கு ஆவாது" என்றார். ஆக, உயிரோடு வந்தால்தான் அதற்கு இடம். என் நிலையும் இந்த ஊரில் ஏறக்குறைய அதுதான்.

நீங்கள் அந்தக் காரை யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது உள்ளே தள்ளிக் கல்லின் மேல் ஏற்றி நிறுத்தினீர்கள். யுத்தம் முடிந்தது. ரேஷனும் போனது. பி.ஏ. முடித்து வந்த நான் ஒருநாள் கடையில் நின்று சாவி கேட்டேன். மூட்டை இறக்குகிறவர்கள், மல்லாட்டை விற்க வந்த குடியானவர்கள், தரகர்கள் எல்லாரும் இருந்தார்கள். நீங்கள் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்: "மொதல்ல சொந்தமா ஒரு சைக்கிள் வாங்குடா. அப்பால காரப் பத்திப் பேசலாம்."

கடை முழுக்கச் சிரித்தது. தம்பியும் சிரித்தான். அந்த வாரமே திண்டிவனத்தில் வேலை தேடிக்கொண்டு போனேன். முதல் வருஷச் சம்பளத்தில் சைக்கிள் வாங்கினேன். வாங்கியதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. நான் செஞ்சிக்கு மாற்றலாகி வந்து, அதே சைக்கிளில் உங்கள் கடை வாசல் வழியாகத்தான் தினம் பள்ளிக்கூடம் போனேன். ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தீர்களா?

ஷெட்டைத் திறந்தபோது எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. பிடிவாதம்தான் இருந்தது. பஸ் கம்பெனி ஷெட்டில் வேலை செய்யும் சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளை வேட்டியோடு வந்தார். வாய் பெரிய வாய். "கவலப்படாதீங்க வாத்தியாரே. எத்தினி வண்டி பாத்திருக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழம இதுல ஒக்காந்து கோட்டைக்குப் போறோம்" என்றார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எலி, சீட்டைக் குடைந்து குடும்பம் நடத்தியிருந்தது. டயர் நான்கும் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தன. அந்த அளவில் பழைய டயர் பாண்டிச்சேரியில் கிடைத்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று இருந்தது. பானெட்டின் முன்பக்கத்தைத் துடைக்கப் போன சவரிமுத்து கையை நிறுத்திக்கொண்டார். புழுதிக்கு அடியில் சந்தனம். காய்ந்து வெடித்த சந்தனத்தின் மேல் சந்தனம், குங்குமத்தின் மேல் குங்குமம். விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. ஓடாத வண்டிக்கு யார் வருஷா வருஷம் பொட்டு வைத்தது?

இஞ்சினுக்கு வருகிறேன். முன்னால் ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் மலையைப் புரட்டுவதுபோல் இருந்தது. துரு பிடித்திருக்கிறது என்றார் சவரிமுத்து. பிளக்குகளைக் கழற்ற ஒரு முழு நாள் ஆயிற்று. அதில் ஒன்றை உடைத்துவிட்டு, "அது மொதல்லயே ஒடஞ்சிருந்துது" என்றார். பிளக் இருந்த துளைக்குள் ஆணியை விட்டு எடுத்தார். பழுப்பாக, பிசினாக, கம்பி பதத்தில் ஒன்று நூல் இழுத்துக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார்.

"துருவும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னா வாத்தியாரே இது, இஞ்சினா, அதிரசப் பாகா?"

அந்த நாற்றம் எனக்குத் தெரியும். செக்கு வீட்டில் பிறந்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? சிக்குப் பிடித்த மல்லாட்டை எண்ணெய், நம் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய்.

தம்பி செக்கிலிருந்து எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நைனா ஊத்தனதுதான்" என்றான். "ஆயுத பூசை அன்னிக்குக் கதவ சாத்திக்குவாரு. பொட்டு வெப்பாரு. மறுநா ஆட்டற எண்ணெயில மொதல் செம்பு அதுக்குத்தான். கடையில விக்கறது எல்லாம் அப்பால."

"நீ தடுக்கலியா?"

"நானா? அவுரயா? ஒரு தபா கேட்டேன், இது எதுக்கு நைனான்னு. 'வண்டி கெடக்கூடாதுடா. பெரியவன் ஒருநாள் வந்து கேப்பான். கேள்வி கேக்கறவன் அவன். பதில் சொல்லணும்'னாரு."

"என்கிட்ட ஏன் இத்தினி நாள் சொல்லல?"

"நீ எங்ககூடப் பேசினா இல்ல சொல்றதுக்கு!"

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை நைனா. கோபம்தான் வந்தது. இஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய் டின்னில் பஜாரிலேயே விற்றது. ஒரு மெக்கானிக்கைக் கேட்டிருக்கலாம். கேட்கமாட்டீர்கள். உலகத்தில் இருக்கிற எல்லா எண்ணெயையும்விட உங்கள் செக்கில் ஆட்டியதுதான் உசத்தி. தலைக்கு அதுதான், தாளிக்க அதுதான், விளக்குக்கு அதுதான், காருக்கும் அதுதான். கெடக்கூடாது என்று ஊற்றி ஊற்றியே அதை அசையவிடாமல் செய்தீர்கள். சும்மா விட்டிருந்தால் துரு மட்டும் பிடித்திருக்கும். என்னையாவது சும்மா விட்டீர்களே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை போலிருக்கிறது.

பிளக் துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஷெட்டுக்குப் போய் ஹேண்டிலைப் பிடித்து ஆட்டுவேன். முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். உள்ளங்கை கொப்புளித்து, சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. "அரிசிக்கு க்யூவுல நிக்க ஆள் இல்ல, செத்த வண்டிக்கு வைத்தியம் பண்றாரு" என்றாள் உங்கள் மருமகள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஒருநாள் அது அசைந்தது. மயிரிழை அளவுதான். சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. உங்களிடம் சொல்லவேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

போகி அன்று காலை பஜார் முழுக்கப் பழைய பாய் எரிகிற புகை. இரும்புக்காரர் சம்மட்டியோடு வந்து ஷெட் வாசலில் குந்திப் பீடி பற்றவைத்தார். சவரிமுத்து காருக்குள் உட்கார்ந்துகொண்டார். நான் ஹேண்டிலைச் சுற்றினேன்.

"கட்ட வெரல ஹேண்டில் மேல சுத்திப் புடிக்காதீங்க வாத்தியாரே, எகிறினா எலும்பு ஒடஞ்சிடும்!"

சுற்றினேன். இருமியது, நின்றது. மறுபடி சுற்றினேன். மூச்சு வாங்கியது. இரும்புக்காரர் பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டு எழுந்தார். "ஆவட்டும் தம்பி, மசமசன்னு நேரம் போவுது" என்றார் தனபாலைப் பார்த்து.

தனபால் வந்தான். வெளியே போகச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்து விலக்கினான்.

"தள்ளுணா. சாக்பீஸ் புடிக்கற கைய வெச்சிக்கினு… செக்குல பொழங்கின கைக்குத்தான் இது மசியும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே இழுப்பு. உங்கள் கார் கத்தியது நைனா. ஷெட்டே அதிர்ந்தது. செக்குமாடு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது. ஏன் அப்படிச் செய்தான்? மிஷினுக்கு இடம் வேண்டியவன் அவன்தானே? கேட்கவில்லை. அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவி கிடைக்காதவன் எங்கே கற்றுக்கொள்வது? சவரிமுத்து ஓட்டினார். நீங்கள் உட்காருகிற பின் சீட்டில், எலி தின்ற இடத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

பஜாரில் திரும்பும்போது இஞ்சின் சூடாகிவிட்டது. புகைக்குழாயில் இத்தனை வருஷம் வழிந்து இறுகியிருந்த உங்கள் எண்ணெய் காய ஆரம்பித்தது. பாய் எரிகிற புகையெல்லாம் அடங்கி, தெரு முழுக்க வடை சுடுகிற வாசனை. டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்று, "யார் வூட்லபா, போகியன்னிக்கே வடையப் போட்டுட்டாங்க?" என்று நாலு பக்கமும் தேடினார். சவரிமுத்து சிரித்த சிரிப்பில் வண்டி சாக்கடைப் பக்கம் போய்த் திரும்பியது.

நான் திரும்பிப் பார்த்தேன். புகைக்குள் தனபால். ஷெட்டில் நான் விட்டுவிட்டு வந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மிதித்து வந்துகொண்டிருந்தான். "ணா, சைக்கிள மறந்துட்டியே!" என்று கத்தினான். பிறகு மூக்கை உறிஞ்சி, "ணா, நம்ம எண்ணெதான்!" என்றான். கண்ணில் தண்ணீர். புகையாக இருக்கலாம்.

என் வீட்டு வாசலில் நிறுத்தினோம். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, உயிர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

உடம்பெல்லாம் வலிக்கிறது நைனா. சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். 'பெரியவன் ஒருநாள் வந்து கேப்பான்' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தம்பியிடம் சொன்னதற்குப் பதில் என்னிடம் சொல்லியிருக்கலாம். தினமும் உங்கள் கடையைத் தாண்டித்தானே போனேன்?

முடிந்ததை மட்டும் வாக்காகத் தருகிறேன். இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். நீங்கள் வைத்த பொட்டுகளைச் சுரண்ட விடவில்லை. ஆயுத பூஜைக்கு அதன் மேலேயே என் பொட்டையும் வைக்கிறேன். தம்பி புது மிஷினில் ஆட்டிய முதல் எண்ணெயைச் செம்பில் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். வாங்கிக்கொள்வேன். அதில் வடை சுடச் சொல்வேன். காரில் ஊற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
சைக்கிள் வாங்கிவிட்ட
உங்கள் பெரியவன்