மரியநாயகத்துக்கு அடிக்காத மணி

முல்லைத்தீவு
03.10.2022

சங்கைக்குரிய பாதருக்கு,
யேசுவுக்குத் தோத்திரம்.

நான் வேதத்தை விட்டுவிட்டேன் என்று பங்கில் ஒரு கதை உலாவுகிறது. அது பிழை. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். செபமாலை ஒருநாளும் தவறியதில்லை. பூசைக்கு வராததற்கு நோய்ப் பயமும் காரணம் இல்லை.

சென்ற வருடம் ஆவணியில் என் கணவர் மரியநாயகம் கொரோனாவில் ஆஸ்பத்திரியில் இறந்தார். வவுனியாவில் எரித்து, சாம்பலை ஒரு சிறு மண்பானையில் தந்தார்கள். நான் தனிமைப்படுத்தலில் இருந்தேன். தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். கோயில் மணிக்காகக் காத்திருந்தேன். சனம் கூடிவிடும் என்று துக்க மணி அடிக்கவில்லையாம். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. பானை அலுமாரியில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் கலிஸ்ரா வேலிக்கு மேலால் கேட்கிறாள்: “என்ன அன்ரி, மாமாவை இன்னும் சீலையளோடயே வைச்சிருக்கிறியள்? சேமக்காலையில இடமில்லையே?”

புதைக்க இடம் இருக்கிறது. மணி அடித்தால் அடக்கம் செய்வேன்.

இப்படிக்கு,
றோஸ்மேரி மரியநாயகம்

பங்குமனை
11.10.2022

அன்பின் அம்மா,

நான் இந்தப் பங்குக்கு வந்தது இந்தத் தை மாதம். நடந்ததை அறிந்து வருந்துகிறேன். கார்த்திகை இரண்டாம் திகதி, இறந்தோர் நினைவு நாளில், ஐயாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்து நானே அடக்கம் செய்து வைக்கிறேன். மணி மட்டும் வேண்டாமே அம்மா. இப்போது துக்க மணி கேட்டால் சனம் புதுச் சாவென்று நினைத்து “ஆருக்கு, ஆருக்கு” என்று கோயிலுக்கு ஓடிவரும். பங்குச் சபையும் விரும்பவில்லை.

கிறிஸ்துவில்,
அருட்பணி நிறோஜன்

முல்லைத்தீவு
15.10.2022

சங்கைக்குரிய பாதருக்கு,
தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. அதில் திகதி போட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு முன்னிருந்த பாதர் போடமாட்டார். பூசைக்கு நன்றி.

என் கணவர் கரைவலை இழுத்தவர். துக்க மணி கேட்டால் வலைக் கயிற்றைப் பிடித்தபடியே நின்று, சிலுவை அடையாளம் போட்டு, “ஆருக்கடா?” என்று கேட்பார். பெயர் தெரிந்த பிறகுதான் திரும்ப இழுப்பார். வலையில் மீன் நிறைந்திருந்தாலும் அப்படித்தான்.

சனம் ஓடிவந்து கேட்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கட்டும். மரியநாயகத்துக்கு என்று யாராவது சொல்வார்கள். அவருக்காக அப்படி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பானையைத் துடைத்து வைத்திருக்கிறேன். மணி அடிப்பீர்களா, மாட்டீர்களா? கலிஸ்ராவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.

றோஸ்மேரி மரியநாயகம்