கப்பு உடைக்கிறவர்

ஏங்க,

மங்கலம்பேட்டை வளைகாப்புக்குக் கிளம்பிவிட்டேன். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

ஆறு மணிக்கு நம் மகள் விஷயமாகக் கவுன்சிலிங் மேடம் வீடியோவில் வருவார். போன வாரம் மாதிரி அவரைப் பயமுறுத்திவிடாதீர்கள். “வீட்டுல கோபம் வருமா சார்?” என்று கேட்டதற்கு, “வராதுங்க மேடம். நாள் பூரா கப்பு ஒடைக்கிறேன், அதுலயே போயிடுது” என்றீர்களே! அவர் முகம் வெளுத்துப்போய், “பொண்ணு பத்திரமா இருக்காளா?” என்றார். நான் ஓடி வந்து, “செராமிக் கம்பெனியில கீறல் வுட்ட கப்பை ஒடைக்கிறதுதாங்க இவரு வேலை” என்று விளக்க வேண்டியதாயிற்று.

உங்கள் தம்பி இறந்ததிலிருந்து உங்களோடு பேசாத நம் சுபாஷினி, அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள். நீங்கள் முறைத்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. இன்றைக்கு அவள் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள்.

சிந்தாமணி

மாடியில் துணி காய்கிறது. மழை வந்தால் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. போன் ஸ்டாண்டுக்கு முன்னால் உங்கள் நாற்காலியோடு இன்னொன்றும் கிடக்கிறதே, அதை நான் போடவில்லை. ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அவள்தான் இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள்.