கடைசிச் சீட்டில் பந்தயம் கட்டாதது

அம்மணிக்கு,

நீ ஈரோட்டுக்கு மகள் வீட்டுக்குப் போய்ப் பதினாறு நாளாயிற்று. எப்போது வருவாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

போக்கர் சீட்டாட்டத்தை ஃபோனில் பார்த்து நானாகவே கற்றவன் நான். யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு நாம் இருவரும் ஆடியபோது, கடைசிச் சீட்டு விழுந்ததும் என்னிடம் மூன்று ஏஸ் சேர்ந்தன. ஆனாலும் பந்தயம் கட்டாமல் 'செக்' என்றேன். என் சீட்டைப் பார்த்ததும், "ஏனுங்க, எனக்குப் பிச்சை போடறீங்களா?" என்று எழுந்தவள், காலையில் பேசாமலே பஸ் ஏறினாய்.

அது பிச்சை இல்லை. காசுக்குப் பதில் பந்தயம் வைத்த புளியங்கொட்டையில் உன்னிடம் ஏழுதான் மிச்சம். நான் கட்டியிருந்தால் பிடிவாதத்தில் ஏழையும் வைத்துத் தோற்றிருப்பாய். ஆட்டம் முடிந்திருக்கும், காலை பஸ்ஸுக்குப் பெட்டி கட்டப் போயிருப்பாய். இன்னும் ஒரு ஆட்டம் எதிரே உட்கார்ந்திருப்பாய் என்றுதான் கட்டவில்லை.

மகளிடம் இதைக் காட்டாதே.

உன் வீட்டுக்காரன்