அது உங்கள் குறையல்ல, ராத்தா

ராத்தா,

உங்கள் கணவருக்குத் தில்லையடியில் பெண் பேசுகிறார்கள் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். இன்று காலை அங்கே போவதற்குப் பழைய பையை எடுத்து உதறினேன். உங்கள் தைலப் போத்தல் உருண்டு விழுந்தது. பச்சை மூடி, அடியில் கொஞ்சம் மிச்சம். மூடியைத் திறந்தேன், அதே வாசம். இரண்டு வருடம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். தூ, என்ன மனுஷி நான்!

கணவனிடம் அடிவாங்கும் பெண்களின் மனம் என்ன பாடுபடுகிறது என்று ஆராய வந்த உளவியலாளர் நான். வீடு வீடாக என்னைக் கூட்டிப்போனவர் நீங்கள். என்னை விட மூத்தவர் என்று நான் உங்களை ராத்தா என்பேன், நீங்கள் கடைசிவரை என்னை மிஸ் என்றீர்கள். மாம்புரியில் முதல் நாள், "உங்கள் கணவர் வன்முறையில் ஈடுபடுவதுண்டா?" என்று கடதாசியில் இருந்ததை அப்படியே வாசித்தேன். போன வீடெல்லாம் "இல்ல மிஸ்"தான். ஒழுங்கைக்கு வந்ததும் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"வன்முறையெண்டா கடைய எரிக்கிறது, கல்லெறியிறது. ஊட்டுக்குள்ள நடக்கிறதுக்கு ஆரு அந்தப் பேரு வெச்ச? கை நீட்டுவாரா எண்டு கேளுங்க மிஸ்."

அடுத்த வீட்டில் அப்படியே கேட்டோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஓம், அது எங்க இல்லாம?" என்றாள். பிறகு ஒரு மணித்தியாலம் அவள் கதை நிற்கவில்லை. என் ஆய்வு உயிர் பிழைத்தது உங்கள் அந்த ஒரு சொல்லால்தான்.

கொழும்பிலிருந்து ஆட்கள் வந்த கூட்டம் ஞாபகமா? இதெல்லாம் யுத்தத்தின் பாதிப்புத்தானே என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அப்படி இருந்தால் எல்லோருக்கும் வசதி, ஒருத்தனையும் கைகாட்டத் தேவையில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த உடுப்போடு மன்னாரிலிருந்து வந்த பிள்ளை நீங்கள், யுத்தம் என்னவென்று உங்களுக்கா தெரியாது? என் காதுக்குள் சொன்னீர்கள்: "யுத்தம் முடிஞ்சிட்டெண்டு இந்த ஆம்புளயளுக்கு இன்னம் ஆரும் சொல்லல்ல போல." நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நம் பெண்கள் மனம் நொந்திருக்கிறது என்று சொல்லமாட்டார்கள், தலையிடி என்பார்கள் என்று நான் எழுதினேன். மேடையில் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன். அதே மேடைக்குக் கீழே நீங்கள் நெற்றியில் தைலம் பூசிக்கொண்டிருந்தீர்கள்.

"தலையிடியா ராத்தா?"

"வெயில் மிஸ், வேற ஒண்டுமில்ல."

இரண்டு பனடோல் தந்தேன். படிச்ச மடைச்சி! ஊர்ப் பெண்களிடமெல்லாம் கேட்ட கேள்வியை உங்களிடம் ஒரு தரமாவது கேட்டேனா?

குளியலறையில் வழுக்கி விழுந்து நீங்கள் மவுத்து, உயிர் போய்விட்டது என்றார்கள். விசாரிக்க வந்தவரும் உங்கள் கணவர் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். உங்களைக் குளிப்பாட்ட என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள், நான் தண்ணீர் ஊற்றினேன். முதுகிலும் மேல்கையிலும் கன்றிப்போன தடங்கள், சில நீலம், சில ஆறி மஞ்சளானவை. விழுந்த காயம் ஒரு நாளில் வரும் ராத்தா, இத்தனை நிறத்தில் வராது. குளிப்பாட்டிய பெண் துணியை இழுத்து மூடினார். "மையித்துட குறைய மறைக்கிறது நன்மை. வெளிய கதைக்கப்படாது." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மறைக்கச் சொன்னது மையித்தின், இறந்தவரின் உடம்பின், குறையை. அவன் அடித்த அடி எப்படி உங்கள் குறையானது? மார்க்கம் உங்கள் மானத்தைக் காக்கச் சொன்னதை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டோம். அந்தப் போர்வையின் ஒரு நுனியைப் பிடித்தவள் நான்.

இன்று தில்லையடியில், உங்கள் கணவருக்குப் பேசியிருக்கும் பெண்ணின் உம்மாவுக்கு முன்னால் போய் இருந்தேன். தேத்தண்ணீர் தந்தார். உங்கள் பெயரைச் சொன்னதுமே, "மவுத்தானவங்கட கதை நமக்கென்னத்துக்கு மிஸ்? அவர் நல்ல மனுஷன், பள்ளிக்குத் தொழப் போற வாற ஆள்" என்றார். நான் எழும்பவில்லை. தண்ணீர் ஊற்றியவள் நான்தான் என்றேன். கண்டதை ஒன்றும் விடாமல் சொன்னேன். நாளைக் காலை பொலிசிலும் இதையே சொல்லப் போகிறேன் என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம், மகள் நின்று கேட்டிருக்கிறாள்.

உம்மா கதிரையை என் பக்கம் இழுத்தார். குரல் இறங்கிப்போய் இருந்தது.

"அவர் கை நீட்டுவாரா மிஸ்?"

உங்கள் சொல் ராத்தா, அப்படியே உங்கள் சொல். உங்களிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி.

"ஓம்" என்றேன்.