கற்பூரம் அணைக்கிறேன் என்றான்

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், இரவு.

இன்று செஞ்சி கோர்ட் வாசலில் அந்தப் பழைய போலீஸ் ஏட்டு பேச வந்தான். ஸ்டேஷனில் என் மகன் முருகனை அடித்துக் கொன்றவர்களில் ஒருவன். வழுக்கி விழுந்து செத்ததாக எழுதிக் கொடுத்தவனும் அவன்தான்.

"பெரியவரே, அடிச்சது நெசந்தான். நாளைக்கு மேல்மலையனூர் வாங்க. அங்காளம்மா முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியமா ஒத்துக்கிறேன். கேஸ வுட்டுடுங்க."

அடித்தது நிஜம் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. தூறலில் ராஜகிரிக் கோட்டை மலை பாதி மேகமாக மிதந்தது. அதிலிருந்து முருகன் ஈரச் சட்டையோடு இறங்கி வருவது போலிருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவன், அடக்கிக்கொண்டேன்.

"அத கூண்டுல ஏறிச் சொல்லு" என்றேன்.

"சொன்னா பென்ஷன் போயிடும்."

"எம்புள்ளைக்கு இன்னா போச்சு, பென்ஷனா?"

தூறலில் இறங்கிப் போய்விட்டான்.

சட்டப் புத்தகத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். சித்திரவதைக்கென்று தனிச் சட்டம் அதில் இல்லை. பார்த்தவன் வந்து சொன்னால்தான் உண்டு. சாமிக்கு அவன் சொல்லித்தான் தெரியவேண்டுமா? அங்காளம்மனுக்கு அன்றைக்கே தெரியும். நீதிபதிக்குத்தான் இன்னும் தெரியாது. அவன் கூண்டில் ஏறும்வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவேன்.