மணி அடித்ததும் எழுந்த பிணம்

ஆடி 12, சனிக்கிழமை ராத்திரி, பிரிக்பீல்ட்ஸ்

இன்று எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார் போட்ட நாடகம் அரங்கேறியது. மேசையிலேயே செத்துப்போகும் கிராணி வேடம் எனக்கு. அவன் செத்ததைச் சாயங்காலம் வரை யாரும் கவனிக்கமாட்டார்கள், அதுதான் கதை. நான் செத்த அழகைப் பார்த்து முன்வரிசைத் துரையே தொப்பியைக் கழற்றிவிட்டார். புழுக்கத்துக்குக் கழற்றினார் என்கிறார்கள். பொறாமை.

பிறகுதான் வினை. நிஜம்போல் இருக்கட்டும் என்று ஆபீஸ் விடும்போது அடிக்கிற மணியையே கொண்டுவந்து அடித்தார்கள். இத்தனை வருஷப் பழக்கம், பிணம் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. சபையில் பாதிக் கிராணிகளும்தான் எழுந்தார்கள். அதை யார் பேசுகிறார்கள்? சிரிப்பு இருபது மைல் தள்ளி கிள்ளான் வரைக்கும் கேட்டிருக்கும்.

நாடகத்தை நடத்தும் நடராஜன் திரைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டான்.

"செத்தவனுக்கு வீட்டுக்குப் போக என்னண்ணே அவசரம்? வீட்டிலதான் யாரு காத்திருக்கா? அடுத்த வாரம் கிள்ளான்ல நாடகம் போடறப்ப உங்க வேஷத்துல நம்ம வேலு சாகட்டும்."

"வேலுவுக்கு உசிரோட இருக்கும்போதே நடிக்க வராது, செத்து எப்படிடா நடிப்பான்? மலாயாவிலேயே என்னை மாதிரி சாக ஆளில்லை. கிள்ளானிலும் நான்தான் சாவேன்!" என்றேன்.

வீட்டில் யார் என்று அவன் கேட்டதுதான்... போகட்டும்.

அறைக்கு வந்ததும் பாயில் பிணமாகப் படுத்தேன். பக்கத்து அறை சுப்பையாவை மணிக்குப் பதிலாகத் தட்டில் கரண்டியால் அடிக்கச் சொல்லியிருந்தேன். அடித்தான். மறுபடி அடித்தான். என் விரல்கூட அசையவில்லை. கடைசியில் பலகைச் சுவரைத் தட்டி, "அண்ணே, உசிரோட இருக்கீங்களா?" என்றான். குரலில் நிஜமாகவே பயம்.

கேட்க நன்றாக இருந்தது. அவன் இன்னொரு தரம் கேட்கும்வரை நான் பதில் சொல்லவில்லை.