ஆயிரத்தோடு நின்ற பட்டியல்

மார்ச் 4, செவ்வாய்

உறுதியானது: கட்டடப் பாதுகாப்புத் துறை தன் லிஃப்ட் சோதனைப் பதிவேட்டை இணையச் சேவையாகத் திறந்திருக்கிறது. ஆதாரம்: துறையின் சுற்றறிக்கை. தொலைபேசியில் கேட்டபோது துறை எழுத்தரும் ஆமாம் என்றார்.

பிப்ரவரியில் கிழக்கு மண்டலத்துக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்ட் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தது. உள்ளே இருந்த தையல்காரப் பெண்ணுக்கு இரண்டு கால்களும் முறிந்தன. அந்த லிஃப்டை யாராவது சோதித்தார்களா என்று துறைக்கு மூன்று கடிதம் போட்டோம். பதில் இல்லை. இனி கடிதம் வேண்டாமாம். ஒரு நிரல் எழுதி அந்தச் சேவையிடம் கேட்டால் பதிவுகளை அதுவே கொடுத்துவிடுமாம். அந்த வாசலுக்கு ஏபிஐ என்று பெயர்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. இருபத்தேழு வருடம் நோட்டும் போனும் வைத்துப் பிழைத்தவள். செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். எதைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டுவதால் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே உங்கள் வேலை என்றார்.

மார்ச் 6, வியாழன்

இணையத்தில் பார்த்து ஒரு சிறு நிரல் எழுதிச் சேவையிடம் நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் 401 என்ற எண் மட்டும் வந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டேன். பதினைந்து வருடமாக நிரல் எழுதிச் சம்பாதிப்பவள்.

“சாவி இல்லாமப் போய் நின்னா வாட்ச்மேன் உள்ள விடுவாரா அண்ணி?”

துறையிடம் பதிவு செய்து சாவி வாங்க வேண்டுமாம். சாவி என்பது அர்த்தமில்லாத நாற்பது எழுத்து. சேர்த்தேன். பதில் வந்தது. ஒரே ஒரு லிஃப்டின் பதிவு: கட்டட எண், மண்டலம், சோதித்த தேதி, சோதித்தவர், குறிப்பு.

கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அதிகாரியிடமும் இவ்வளவு நேரான பதில் நான் வாங்கியதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். என் நிரலைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். உள்ளே நான் வைத்திருந்த பெயர்கள்: சாட்சி, சாட்சி2, சந்தேகம். “புரோகிராம்லயுமா குற்றப்பத்திரிகை?” என்றாள். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அச்சுல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ எனக்கு அனுப்புங்க அண்ணி.” சரி என்றேன்.

மார்ச் 12, புதன்

சென்ற ஆண்டின் முழுப் பதிவேடும் கேட்டேன். வந்தது. பதிலின் வாலில் பதிவு அல்லாத இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டு அட்டவணையைக் கெடுத்தன. அவற்றை நீக்கியதும் அட்டவணை ஒழுங்காக உட்கார்ந்தது.

சென்ற ஆண்டின் சோதனைகள்:
மேற்கு 412
வடக்கு 331
தெற்கு 257
கிழக்கு 0

விழுந்த லிஃப்டின் கட்டட எண்ணைத் தேடினேன். இல்லை. இரண்டு முறை தேடினேன். இல்லவே இல்லை.

கத்தரியிடம் காட்டினேன். கூட்டிப் பார்த்தார். ஆயிரம். தலைப்பை அங்கேயே சொன்னார்: ‘ஆயிரம் சோதனை; கிழக்கில் ஒன்றுகூட இல்லை.’ என் செய்தியை அவர் ஒரு வரிகூட வெட்டாமல் விட்டது இதுவே முதல் முறை.

நாத்தனாருக்கு அனுப்பவில்லை. நாளை அனுப்பலாம்.

மார்ச் 13, வியாழன்

கிழக்கு மண்டலப் பரிசோதகரை மாலை நாலரைக்குப் பிடித்தேன். நாற்பது வயதிருக்கும் பெண் குரல். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். உங்கள் மண்டலத்தில் சென்ற ஆண்டு ஒரு சோதனையும் நடக்கவில்லை என்று பதிவேடு சொல்கிறதே என்றேன்.

“நான் போயிருக்கேன் மேடம். எல்லா லிஃப்ட்லயும் என் கையெழுத்து போட்ட அட்டை இருக்கு. ஒரு நாள் என்கூட வந்து பாத்துட்டு அப்புறம் எழுதுங்களேன்.”

அச்சுக்குப் போகும் பக்கம் ஆறு மணிக்கு மூடுகிறது. ‘குற்றச்சாட்டைப் பரிசோதகர் மறுத்தார்’ என்று எழுதினேன். மூன்று சொல்.

நாத்தனாருக்கு அனுப்ப நேரமில்லை. பொய். நேரம் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

முதல் பக்கம். ஆறு பத்தி. என் பெயருடன்.

மார்ச் 18, செவ்வாய்

உறுதியானது: கிழக்கு மண்டலப் பரிசோதகர் பணியிடை நீக்கம். விசாரணைக் குழு அமைப்பு. ஆதாரம்: துறையின் செய்திக் குறிப்பு, காலை 10.15.

மூன்று கடிதத்துக்குப் பதில் போடாத துறை, நான்கே நாளில் நடவடிக்கை எடுத்துவிட்டது. வேகத்தைப் பற்றிக் கத்தரியிடம் சொன்னேன். செய்தியின் பலம் என்றார். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

மார்ச் 20, வியாழன்

வாசகர் கடிதங்களில் ஒன்று. கிழக்கு மண்டலத்தில் ஒரு கட்டடத்தின் காவலாளி எழுதியது, பென்சிலில்: ‘எங்கள் லிஃப்டில் அந்த அம்மாவின் அட்டை தொங்குகிறது. நான்தான் ஏணி பிடித்தேன். உங்கள் பேப்பரில் யாரும் வரவில்லை என்று போட்டிருக்கிறது. அப்போது நான் யாருக்கு ஏணி பிடித்தேன்?’

மார்ச் 21, வெள்ளி

காலை எட்டரைக்குப் போனேன். காவலாளி லிஃப்ட் கதவை இழுத்துப் பிடித்தார். பொத்தான்களுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள், மஞ்சள் அட்டை. செப்டம்பர் 11. கையெழுத்து.

அலுவலகம் வந்து அந்தக் கட்டட எண்ணை மட்டும் கொடுத்துச் சேவையிடம் கேட்டேன். பதிவு உடனே வந்தது. செப்டம்பர் 11. முழுப் பட்டியலில் தேடினேன். இல்லை. தனியாகக் கேட்டால் இருக்கிறது, மொத்தமாகக் கேட்டால் இல்லை. எப்படி?

நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

“மொத்தம் எத்தன பதிவு வந்துச்சு?”

“ஆயிரம்.”

“சரியா ஆயிரமா?”

“ஆமா.”

மெதுவாகச் சொன்னாள். “அண்ணி, அது மொதப் பக்கம்.”

ஒரு தடவைக்கு ஆயிரம்தான் தருமாம். அதற்குமேல் இருந்தால் பதிலின் கடைசியில் சொல்லியிருக்குமாம், மொத்தம் இத்தனை, அடுத்த பக்கம் இந்த முகவரியில் என்று. பழைய பதிலைத் திறந்தேன். நான் அட்டவணையைக் கெடுக்கிறது என்று நீக்கிய இரண்டு வரிகள். மொத்தம்: 1427. அடுத்தது: ஒரு முகவரி.

மண்டல எண் வரிசையில் வந்திருக்கிறது. மேற்கு ஒன்று, வடக்கு இரண்டு, தெற்கு மூன்று. தெற்கின் நடுவிலேயே ஆயிரம் முடிந்துவிட்டது. கிழக்கு நான்கு.

இரண்டாம் பக்கத்தைக் கேட்டேன். தெற்கில் இன்னும் 131. கிழக்கில் 296.

அந்தச் சேவை பொய் சொல்லவில்லை. மீதி இருக்கிறது என்று சொன்னது. நான்தான் அதைக் குப்பை என்று வெட்டினேன். ஒரு மனுஷன் இவ்வளவு சரியா ஆயிரம்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனா? ‘எப்படிய்யா அச்சு பிசகாம ஆயிரம்?’னு குடைஞ்சு எடுத்திருப்பேனே. மிஷின் சொன்னதும் வாயை மூடிக்கிட்டேன்.

மார்ச் 22, சனி

நேற்று ஒன்றைப் பார்க்கத் துணிவில்லை. இன்று பார்த்தேன். விழுந்த லிஃப்டின் பதிவு.

சோதனை: நவம்பர் 19. சோதித்தவர்: அந்தப் பரிசோதகரேதான். குறிப்பு: ‘இழுவைக் கம்பி தேய்ந்துள்ளது. மாற்றும்வரை லிஃப்டை நிறுத்தி வைக்கவும். உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பப் பரிந்துரை.’ அறிவிப்பு அனுப்பிய தேதி என்ற கட்டம் காலி.

துறை அனுப்பவில்லை. அவர் எச்சரித்தார், மேலே இருந்தவர்கள் மூன்று மாதம் சும்மா இருந்தார்கள், லிஃப்ட் விழுந்தது. உண்மையான செய்தி இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

அந்த நான்கு நாள் வேகம் இப்போது புரிகிறது. என் பிழை அவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று.

மார்ச் 24, திங்கள்

கத்தரியிடம் எல்லாவற்றையும் வைத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழாம் பக்கத்தில் கட்டம் கட்டித் திருத்தம் போடலாம் என்றார். வழக்கமான இடம் அதுதான்.

“தப்பு மொதப் பக்கத்துல வந்துச்சு சார்.”

“உங்க பேருதான் நாறும்.”

“நாறட்டும்.”

கடைசியில் முதல் பக்கம், கீழ்ப்பகுதி, மூன்று பத்தி. ஆறு கேட்டேன். கத்தரி கத்தரிதான். ஆனால் நவம்பர் 19 குறிப்பை முழுதாக விட்டார்.

மார்ச் 26, புதன்

திருத்தம் நேற்று வந்தது. துறையின் பேச்சாளரிடம் பணியிடை நீக்கம் ரத்தாகுமா என்று கேட்டேன். குழு அமைத்தாயிற்று, குழுதான் முடிவு செய்யும் என்றார். காலியாக இருக்கும் கட்டம் பற்றிக் கேட்டேன். விசாரணை நடக்கும்போது கருத்துச் சொல்ல இயலாது என்றார். பரிசோதகரின் பதிவேடுகள் எல்லாம் குழுவின் பூட்டுக்குள். இணையப் பதிவை அவரே பின்னால் ஏற்றியிருக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்வதாகக் கேள்வி. அந்தப் பேச்சுக்கு என் ஆறு பத்திதான் அடித்தளம்.

மார்ச் 28, வெள்ளி

பரிசோதகரின் வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஆனாலும் இரண்டு வாரமாக அவர் படியில்தான் ஏறி இறங்குகிறாராம். லிஃப்டுக்குள் அக்கம்பக்கத்தாரோடு நிற்க முடியவில்லை. இதை அவர் சொல்லவில்லை, கணவர் சொன்னார்.

மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நிரலில் என்ன தவறு நடந்தது என்று விளக்கினேன். குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் சொன்னார்:

“நீங்க என்னை நம்பியிருக்கணும்னு நான் சொல்லல. வந்து பாத்திருக்கலாம். கூப்பிட்டேனே.”

கணவர்தான் வாசல்வரை வந்தார்.

படியில் இறங்கும்போது அந்த வார்த்தையே. கூப்பிட்டேனே. கூப்பிட்டாங்களே. ஆறு மணிப் பக்கம் ஒரு நாள் தள்ளிப் போனா உலகம் அழிஞ்சா போயிருக்கும்?

மார்ச் 31, திங்கள்

விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். கத்தரி கேட்கவில்லை.

கிழக்கு மண்டல முகவரிப் பட்டியல், 296. கேமரா, நோட்டு. முதல் நாள்: ஒன்பது கட்டடம், ஒன்பது அட்டை.

ஏப்ரல் 3, வியாழன்

நாத்தனார் பேசினாள். அன்றைக்குச் சிரித்ததற்கு வருத்தப்பட்டாள். நீ சிரித்ததில் தப்பில்லை, அனுப்பாததுதான் தப்பு என்றேன். அவளும் ஒன்று சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் இதே மாதிரி முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக் கணக்குக் காட்டியிருக்கிறாளாம். “ஆனா என் கணக்கால யாரும் வேலை போய் வீட்ல உக்காரல அண்ணி.” ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அவளுக்கே தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

131 கட்டடம். முழங்கால் வலி. ஓரிடத்தில் காவலாளி அடையாளம் கண்டுகொண்டு கேட்டார், “எழுதுனப்புறம்தான் வந்து பாப்பீங்களா?” அட்டையைப் படம் பிடித்தேன். தேதி சரி.

ஏப்ரல் 22, செவ்வாய்

உறுதியானது: இதுவரை பார்த்தவை 255. அட்டையும் கையெழுத்தும் இணையப் பதிவின் தேதியோடு ஒத்துப்போனவை 249. அட்டை கிழிந்து போனவை நான்கு. கட்டடமே பூட்டியிருந்தவை இரண்டு. ஆதாரம்: என் கண்.

குழுவின் செயலரைப் பார்த்துப் படங்களையும் நோட்டையும் சாட்சியமாகத் தருவதாக எழுதிக் கொடுத்தேன். நிரலையும் கொண்டுவந்து எங்கே தவறினேன் என்று குழுவின் முன் சொல்லத் தயார் என்றும் எழுதினேன். பத்திரிகைக்காரரிடம் வாங்குவதா வேண்டாமா என்று தலைவர் சொல்வார் என்றார்.

மதியம் ஒரு குறுஞ்செய்தி. பரிசோதகரின் எண். இந்த மூன்று வாரத்தில் முதல் முறை. நான் சுற்றுவது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, காவலாளிகள் சொல்லியிருக்கலாம். ‘ஆற்றோரத் தெரு 14இல் அட்டை லிஃப்டுக்குள் இருக்காது. மொட்டைமாடியில் மெஷின் அறைக் கதவுக்கு உட்புறம் பாருங்கள்.’ அவ்வளவுதான். நன்றி என்று அனுப்பினேன்.

நிலுவை: 41 கட்டடம், ஞாயிற்றுக்கிழமைக்குள். என் சாட்சியத்தை ஏற்பதா என்ற தலைவரின் முடிவு, வெள்ளிக்கிழமை. அறிவிப்பு ஏன் போகவில்லை என்பதற்குத் துறையின் பதில், தேதி சொல்லவில்லை. அவர் வேலைக்குத் திரும்புவாரா என்பது, குழு கூடும் 28ஆம் தேதி, திங்கள், காலை பதினொரு மணிக்கு.